மாத்திரைக்குக் கேட்காத தொண்டை

வெளிநோயாளர் பிரிவில் எங்கள் எதிரே வந்து அமர்பவர்களில் சிலர், பேசத் தொடங்குமுன் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்கிறார்கள். பிறகு துணிப்பையைத் திறந்து, காலியான மாத்திரை அட்டைகளையும், இரண்டு மூன்று எண்டோஸ்கோப்பி அறிக்கைகளையும், வெவ்வேறு மருத்துவர்கள் எழுதிய சீட்டுகளையும் மேசைமேல் அடுக்குகிறார்கள். அவர்கள் கூறுவதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது: “டாக்டர், மூன்று வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். நெஞ்செரிச்சல் பரவாயில்லை. தொண்டையில் மட்டும் ஏதோ ஒட்டிக்கொண்டே இருக்கிறது. விழுங்கினாலும் போகவில்லை, காறினாலும் வரவில்லை.” உடன் வந்திருக்கும் மகளோ கணவரோ தாழ்ந்த குரலில் இன்னொன்றையும் கேட்கிறார்கள்: “புற்றுநோயாக இருக்குமோ?”

அந்தச் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தால் ஒரு வரலாறு தெரியும். முதலில் பான்டோப்ரசோல் நாளுக்கு ஒன்று. பிறகு இரண்டு. பிறகு வேறு பெயரில் அதே வகை மருந்து. பிறகு அதனுடன் டோம்பெரிடோன் சேர்ந்த கூட்டு மாத்திரை. இரவில் ஒரு திரவ மருந்து. ஒவ்வொரு சீட்டிலும் ஏதோ ஒன்று கூடியிருக்கிறது. முதலில் முடிவு செய்த நோய் சரிதானா என்று எவரும் திரும்பிப் பார்த்ததற்கான அடையாளம் மட்டும் அரிதாகவே இருக்கிறது. அச்சீட்டுகளில் சில எங்கள் கையெழுத்தில் இருப்பதையும் நாங்கள் மறைப்பதற்கில்லை.

இக்கட்டுரையில் நாங்கள் கூற விரும்புவது ஒன்றே. அமிலத்தைக் குறைக்கும் மருந்தை உரிய முறையில், உரிய காலம் உட்கொண்ட பின்னும் தொண்டைத் தொல்லை நீங்கவில்லையெனில், அடுத்து மறுபரிசீலனை செய்யவேண்டியது மாத்திரையின் அளவை அன்று. “இது அமிலத்தால் வந்தது” என்று நாம் கொண்ட முடிவையே.

மாத்திரை செய்வதும் செய்யாததும்

இரைப்பையின் உட்சுவரில் அமிலத்தைச் சுரக்கும் செல்கள் உள்ளன. அவற்றிலுள்ள நுண்ணிய இறைப்பான்களைச் செயலிழக்கச் செய்வனவே ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல், ராபெப்ரசோல், எசோமெப்ரசோல் முதலிய மருந்துகள். இவற்றுள் முதலாவதான ஒமெப்ரசோல் 1988-இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. உணவுக்குழாய்ப் புண்ணாலும் இரைப்பைப் புண்ணாலும் அவதியுற்ற எண்ணற்றோருக்கு இம்மருந்துகள் பெரும் நன்மை செய்திருக்கின்றன. அவற்றைக் குறைகூறுவது எங்கள் நோக்கம் அன்று.

ஆனால் அவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. அவை அமிலத்தின் அளவைக் குறைக்கின்றன. இரைப்பையில் உள்ளது மேலே எழுவதைத் தடுப்பதில்லை. உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் ஒரு தசைவளையம் இருக்கிறது. உண்டபின் அது அவ்வப்போது தளர்வது எல்லோருக்கும் இயல்பு. தளரும்போது உணவும் நீரும் செரிமான நொதிகளும் சிறிது மேலே வரக்கூடும். மாத்திரை உட்கொள்பவருக்கும் எதுக்களிப்பு நிகழ்கிறது. அதன் புளிப்பு குறைந்திருக்கிறது, அவ்வளவே. நெஞ்செரிச்சல் தணிந்தபின்னும் உணவு மேலே வருவது நிற்கவில்லை என்று ஒருவர் சொன்னால், அவர் மிகைப்படுத்திக் கூறவில்லை. மருந்தின் எல்லையைத்தான் அவர் சரியாக விவரிக்கிறார்.

முதலில் உட்கொள்ளும் முறை

மருந்து பயனளிக்கவில்லை என்று முடிவு செய்யுமுன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். இம்மாத்திரைகள் அப்போது இயங்கிக்கொண்டிருக்கும் இறைப்பான்களையே தடுக்கின்றன. உணவுதான் அவற்றை இயக்குகிறது. ஆகவே உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் மாத்திரையை விழுங்க வேண்டும். இரவு உணவு முடித்துப் படுக்கும் நேரத்தில் விழுங்குவதும், காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு நண்பகல்வரை உண்ணாமல் இருப்பதும், எரிச்சல் எழும் நாளில் மட்டும் ஒன்று போட்டுக்கொள்வதும் மருந்தின் பயனைப் பெரிதும் குறைத்துவிடும். முழுப் பயன் தெரியச் சில நாட்கள் தொடர்ந்து உட்கொள்வதும் அவசியம்.

இதைச் சொல்லித்தருவது எங்கள் கடமை. “சாப்பாட்டுக்கு முன்” என்று சீட்டில் எழுதுகிறோம். எவ்வளவு நேரம் முன் என்று கூறுவதில்லை. நேரத்தைத் திருத்தியதாலேயே தொல்லை தணிந்தவர்கள் உண்டு. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் இவ்வாறு முறையாக உட்கொண்டும் தொண்டையில் மாற்றமில்லை என்றால்தான் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

தொண்டைத் தொல்லை எல்லாம் அமிலத்தால் அன்று

தொண்டை அடைப்பு, செருமல், கரகரப்பு, சளி ஒட்டியிருப்பது போன்ற உணர்வு, வறட்டு இருமல் ஆகிய ஐந்துக்கும் “அசிடிட்டி” என்ற ஒரே பெயரைச் சூட்டுவது வழக்கமாகிவிட்டது. இரைப்பையின் அமிலம் குரல்வளைவரை எழுந்து அதைப் புண்படுத்தக்கூடும் என்பது உண்மை. ஆயினும் அது இத்தொல்லைகளுக்குரிய பல காரணங்களுள் ஒன்று மட்டுமே.

2021-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. தொண்டைத் தொல்லை நீடித்துவந்த 346 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு லான்சோப்ரசோல் 30 மில்லிகிராம் நாளுக்கு இருமுறையும், மற்றப் பிரிவினருக்கு அதே தோற்றமுடைய, மருந்தில்லாத மாத்திரையும் 16 வாரங்கள் கொடுத்தார்கள். இரு பிரிவினரும் ஓரளவு நலம் பெற்றார்கள். ஆனால் மருந்து உண்டவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக நலம் பெறவில்லை. அமிலத்தையே குறிவைத்த மருந்து, தொண்டைத் தொல்லையுடன் வந்தவர்களைப் பொதுவாகப் பார்க்கும்போது, வெறும் மாத்திரையை வெல்லவில்லை. இதைப் படித்தபின்னும் தொண்டைக்காக அதே மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எழுதுவோமாயின், அது சிகிச்சையினும் பழக்கமே ஆகும் என்பது எங்கள் கருத்து.

குரல்வளையைக் குழாய்க் கருவியால் பார்த்து, “சிவந்திருக்கிறது, வீங்கியிருக்கிறது, ஆகவே அமிலம்தான்” என்று கூறுவதும் போதுமானதன்று. அத்தகைய சிவப்பும் வீக்கமும் தொண்டையில் எத்தொல்லையும் இல்லாதவர்களிடமும் காணப்படுகின்றன.

எனவே வேறு காரணங்களையும் தேடவேண்டும். மூக்கிலிருந்து பின்புறமாகத் தொண்டைக்குள் இறங்கும் சளி, ஒவ்வாமை, தைராய்டு வீக்கம், ஆஸ்துமா ஆகியவை முதலில் நினைவுக்கு வரவேண்டியவை. அடுத்து, நாள்தோறும் உட்கொள்ளும் பிற மருந்துகள். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவை சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தருகின்றன. அம்லோடிபின் போன்றவை உணவுக்குழாயின் தசைவளையத்தைத் தளர்த்தக்கூடும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்துக்குப் பின் வாய் கொப்பளிக்காவிட்டால் குரல் கரகரக்கும். இவற்றில் எதையும் தாமாக நிறுத்திவிடக் கூடாது; மாற்று மருந்து உண்டா என்று எழுதிய மருத்துவரிடம் கேட்க வேண்டும். வயிற்றுக்காக எங்களிடம் வருபவர், இதயத்துக்கும் மூச்சுக்கும் உட்கொள்ளும் மாத்திரைகளைக் காட்டாமல் போய்விடுவதுண்டு. நாங்களும் கேட்காமல் விட்டுவிடுவதுண்டு.

இன்னொரு காரணம் குரலின் உழைப்பு. நாற்பது பிள்ளைகள் முன் நாள்முழுதும் உரக்கப் பேசும் ஆசிரியை, பேருந்தின் இரைச்சலுக்கு மேல் குரலெழுப்பும் நடத்துநர், சந்தையில் கூவி விற்பவர் ஆகியோரின் குரல்வளை களைத்துப்போகிறது. களைத்த தொண்டையில் ஏதோ இருப்பதாகத் தோன்றும். உடனே செருமுவார்கள். செருமும்போது குரல்நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதி எரிச்சலடைகின்றன; எரிச்சலடைந்த இடம் தன்னைக் காத்துக்கொள்ளச் சளியைச் சுரக்கிறது; அச்சளியை அகற்ற மீண்டும் செருமல். தொடங்கிவைத்தது அமிலமாகவே இருந்தாலும், பிறகு இதை நடத்திச் செல்வது செருமலே. இச்சுழலை எந்த அமில மருந்தாலும் நிறுத்த இயலாது. செருமத் தோன்றும்போது ஒரு வாய் நீரை மெல்ல விழுங்குவது, அல்லது எச்சிலைக் கூட்டி அழுத்தி விழுங்குவது, குரலுக்கு இடையிடையே ஓய்வு தருவது, பேச்சுப் பயிற்சியாளரிடம் சில வாரங்கள் பயில்வது ஆகியவையே இதற்கு மருந்து. குடும்பத்தார் இதில் உதவலாம். “சும்மா செருமாதே” என்று கடிந்துகொள்வதைவிட, ஒரு குவளை நீரை எடுத்துக் கொடுப்பது பயன்தரும்.

“ஒன்றுமில்லை” என்னும் சொல்

எண்டோஸ்கோப்பி முடிந்ததும், “எல்லாம் நார்மல், ஒன்றுமில்லை” என்று நாங்கள் சொல்கிறோம். அதை நற்செய்தியாகவே சொல்கிறோம். தொண்டையில் உருண்டை அடைத்திருப்பதை ஒவ்வொரு கணமும் உணர்பவருக்கு அது வேறுவிதமாகக் கேட்கிறது: நான் பொய் சொல்கிறேன் என்கிறார்களா? அல்லது எதையோ கண்டுபிடிக்கத் தவறிவிட்டார்களா? இவ்விரண்டில் ஒன்றை எண்ணிக்கொண்டு அவர் அடுத்த மருத்துவமனைக்குச் செல்கிறார். மூன்றாவது முறை குழாயை விழுங்குகிறார். மீண்டும் பணம் செலவாகிறது.

உண்மையில் எதுக்களிப்பு நோய் உள்ளவர்களிலும் பலருக்கு எண்டோஸ்கோப்பியில் புண் தெரிவதில்லை. அப்பரிசோதனை புண்ணையும் கட்டியையும் காட்டும். நரம்பின் உணர்வைக் காட்டாது. ஐயம் தீராவிட்டால் செய்யத்தக்கது வேறொரு பரிசோதனை. மூக்கின் வழியே மெல்லிய கம்பி போன்ற குழாயை உணவுக்குழாயில் வைத்து, 24 மணி நேரம் அமிலம் எழுவதைப் பதிவு செய்வது. அந்நாளில் வழக்கம்போல் உண்ணலாம், நடமாடலாம். தொல்லை தோன்றும்போதெல்லாம் கருவியின் பொத்தானை அழுத்த வேண்டும். உணவுக்குழாயில் அமிலம் தங்கும் நேரம் நாளில் 4 விழுக்காட்டுக்குக் குறைவாக, அதாவது ஏறத்தாழ 58 நிமிடங்களுக்குக் குறைவாக இருந்தால் அது இயல்பு. 6 விழுக்காட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 86 நிமிடங்களுக்கு மேற்பட்டால் எதுக்களிப்பு நோய் உறுதியாகிறது. இடைப்பட்டதைப் பிற விவரங்களோடு சேர்த்து மதிப்பிட வேண்டும்.

இப்பரிசோதனை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. மூக்கில் குழாயுடன் ஒரு நாள் இருப்பதும் எளிதன்று. ஆயினும் ஐந்தாண்டு மாத்திரையைப் பத்தாண்டுக்கு நீட்டுமுன் இந்த ஒரு நாளைச் செலவிடுவது தக்கது என்றே கருதுகிறோம். அமிலம் மிகுதி என்று உறுதியானால் மருந்தைத் தயக்கமின்றித் தொடரலாம். தேவைப்படுவோருக்கு அறுவைச் சிகிச்சையைப் பற்றியும் பேசலாம். அமிலம் இயல்பான அளவே என்று தெரிந்தால், பயனற்ற மருந்திலிருந்து விடுதலை பெறலாம்.

அவ்வாறு இயல்பான அளவே இருந்தும் எரிச்சலும் அடைப்பும் ஏன்? உணவுக்குழாயின் நரம்புகள் சிலருக்கு மிகையாக விழித்திருக்கின்றன. மற்றவர் உணராத சிறு எதுக்களிப்பையும், சில வேளை எதுக்களிப்பே இல்லாத இயல்பான அசைவையும், அவை வலியாகவும் அடைப்பாகவும் மூளைக்குத் தெரிவிக்கின்றன. உறக்கமின்மையும் மனக்கவலையும் அந்த விழிப்பைக் கூட்டுகின்றன. இது கற்பனை நோய் அன்று. காலில் முள் தைத்த இடத்தில் ஆடை உரசினாலும் வலிக்கிறதல்லவா, அதுபோன்றது. இதற்கு நரம்பின் உணர்வைத் தணிக்கும் அமிட்ரிப்டிலின் போன்ற மருந்தைக் குறைந்த அளவில் தருகிறோம். மருந்துக் கடையில் “இது மனச்சோர்வுக்கான மாத்திரை” என்று யாரேனும் சொன்னதும் பலர் அஞ்சி நிறுத்திவிடுகிறார்கள். முன்கூட்டியே நாங்கள் விளக்கியிருந்தால் அந்த அச்சம் எழுந்திராது. உதரவிதானத்தால் மூச்சுவிடும் பயிற்சியும் உதவுகிறது: வயிற்றின்மேல் கைவைத்து, மார்பு எழாமல் வயிறு எழும்படி மெல்ல மூச்சை இழுத்து, அதனினும் மெல்ல விடுவது, உண்டபின் பத்து நிமிடம்.

உணவும் உறக்கமும்

எங்களிடம் வருமுன்னரே பலர் புளி, காரம், காபி, தேநீர், பால், பருப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இட்லியும் மோர்சாதமுமாகக் காலந்தள்ளுகிறார்கள். உடல் மெலிகிறது, மெலிவைக் கண்டு புற்றுநோய் அச்சம் வலுக்கிறது. நீண்ட விலக்குப் பட்டியலில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு வாரம் ஒரு குறிப்பேட்டில் உண்டதையும் தொல்லை எழுந்த நேரத்தையும் எழுதிப் பாருங்கள். உங்களைத் துன்புறுத்துவது எது என்று தெரிந்தால் அதை மட்டும் குறையுங்கள். ரசம் ஒருவருக்கு ஆகாது என்பதற்காக வீடு முழுவதும் ரசத்தை மறக்க வேண்டியதில்லை.

உறுதியான பயன் தருபவை சிலவே. உடல் எடை மிகுதியாக இருந்தால் குறைப்பது. இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுவது. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துவது. தலையணையை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிற்றில் அழுத்தம் கூடுமேயன்றிப் பயனில்லை. பாயில் படுப்பவர்கள் தோளிலிருந்து சரிவாகத் தாங்கும் ஆப்பு வடிவ மெத்தையைப் பயன்படுத்தலாம். இடப்பக்கம் சாய்ந்து படுப்பது நல்லது. புகையிலையை எவ்வடிவிலும் விடுவது. கடை மூடி இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்புபவரிடம் ஏழு மணிக்கே உண்ணச் சொல்வது எளிது. அவரால் இயலுமா என்று கேட்பதும் எங்கள் பணியே. மாலையில் கடையிலேயே முதன்மை உணவை முடித்து, இரவில் சிறிதளவு மட்டும் உண்பது அத்தகையோருக்கு ஒரு வழி.

மாத்திரையை நிறுத்துவது பற்றி

இதைப் படித்துவிட்டு நாளையே மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். உணவுக்குழாயில் கடும் புண் இருந்தவர்கள், அதன் உட்சவ்வு மாறுபட்டிருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், இரைப்பையில் இரத்தக் கசிவு ஏற்பட்டவர்கள், ஆஸ்பிரினோ வலிமாத்திரையோ தொடர்ந்து உட்கொள்வதால் காப்புக்காக இம்மருந்து பெறுபவர்கள் ஆகியோருக்கு இது தேவை. அவர்கள் தொடரவே வேண்டும்.

மற்றவர்கள் மருத்துவரின் ஆலோசனைப்படி படிப்படியாகக் குறைக்கலாம். திடீரென்று நிறுத்தினால் அடக்கிவைக்கப்பட்ட அமிலம் சில வாரங்கள் முன்னிலும் மிகையாகச் சுரக்கும். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், நோயே இல்லாதவர்களுக்கு எட்டு வாரம் இம்மருந்தைக் கொடுத்து நிறுத்தியபோது, அவர்களில் 44 விழுக்காட்டினருக்கு அமிலத் தொல்லை தோன்றியது. வெறும் மாத்திரை உண்டவர்களில் அது 15 விழுக்காடே. “நிறுத்தினேன், உடனே எரிந்தது, ஆகவே வாழ்நாள் முழுதும் வேண்டும்” என்று நீங்கள் எண்ணுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இடைப்பட்ட வாரங்களில் உணவுக்குப் பின் அருந்தும் ஆல்ஜினேட் திரவம் துணைசெய்யும்.

காத்திருக்கக் கூடாதவை

உணவு விழுங்கும்போது சிக்குதல், விழுங்கினால் வலித்தல், காரணமின்றி எடை குறைதல், இரத்த வாந்தி, கரிய மலம், இரத்தச்சோகை, கழுத்தில் கட்டி, மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் குரல் கரகரப்பு ஆகியவை இருந்தால் மாத்திரையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே வரவேண்டும். புகைப்பவரும் புகையிலை மெல்பவரும் இதில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. வியர்வையுடன் மார்பை அழுத்தும் வலி வந்தால் அது “கேஸ்” என்று சோடா குடித்துக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

உண்ணும்போது மறைந்து, சும்மா இருக்கும்போதும் எச்சில் விழுங்கும்போதும் மட்டும் தோன்றும் அடைப்பு பெரும்பாலும் ஆபத்தற்றது. உணவே இறங்க மறுப்பது வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் கூறினால் எங்கள் வேலை பாதி முடிந்துவிடும்.

அடுத்த முறை வரும்போது இரண்டு வாரக் குறிப்பேட்டையும், வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், பழைய அறிக்கைகளையும் கொண்டு வாருங்கள். எங்களிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: இம்மாத்திரை எந்த நோய்க்கு? எத்தனை வாரத்துக்கு? அதற்குள் குணமாகாவிட்டால் அடுத்து என்ன? நெரிசல் மிகுந்த நாளில் எங்கள் முகம் சற்றுக் கடுத்தாலும் பொருட்படுத்த வேண்டாம். இம்மூன்றுக்கும் விடை சொல்ல இயலாத சீட்டை நாங்கள் எழுதியிருக்கக் கூடாது.